கருவாட்டுக் கடைப் பையன் கன்னோஜ் போன கதை!

''டேய்... எவனோ பஸ்ல கருவாடு ஏத்தியிருக்கான்டா!''

ஃபர்ஸ்ட் இயர். பொங்கல் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பும் டவுன் பஸ். பின் ஸீட்டிலிருந்து எவனோ சவுண்ட் விட, மொத்த பஸ்ஸும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் பேக்கை மெதுவாகக் காலால் ஸீட்டுக்கு அடியில் தள்ளினேன். ஏன்னா, அந்த 'எவனோ' நான்தான் மக்களே!

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாட்டுக் கடை. நெத்திலி, வாளை, சுறா, சென்னாகுன்னி என்று கூடை கூடையாக வீட்டு வாசலில்தான் காயும். அதே வாசலில்தான் என் சட்டையும் காயும். அப்புறம் வாசம் வராமல் சந்தனமா வரும்?

அன்றைக்கு ஆரம்பித்தது என் பாடி ஸ்ப்ரே புராணம். இருபது நாளைக்கு ஒரு டப்பா காலி. 'அடிச்சா பக்கத்து ரூமுக்குக் கேட்கணும்' என்கிற ரேஞ்சில் அடிப்பேன். ரூம்மேட்ஸ் எனக்கு வைத்த பேர் 'கொசு மருந்து'. பரவாயில்லை, கருவாடுக்கு கொசு மருந்து பெட்டர் என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் வீட்டில்தான். அந்த ஸ்ப்ரேயோடு உள்ளே நுழைந்தால் அம்மாவுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். பத்து, பதினைந்து... கண்ணிலிருந்து தண்ணி கொட்டும். ''நீ திண்ணையிலயே உக்காரு ராசா, சோறு அங்க கொண்டாந்து தாரேன்'' என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே சொல்லும். மூணு மாசம் கழித்து வருகிற பிள்ளைக்குத் திண்ணையில் சோறு!

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா, வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். செகண்ட் இயரில் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தது. ''வரட்டுமா தம்பி?'' என்று அம்மா போனில் கேட்டது. ''வேணாம்மா, சும்மா கையெழுத்து வாங்குற மீட்டிங். நீ அலையாத'' என்றேன். அன்றைக்கு என் ரூம்மேட்ஸ் மூணு பேருடைய அம்மாக்களும் வந்திருந்தார்கள். டிபன் பாக்ஸில் அதிரசம் எடுத்து வந்து எனக்கும் கொடுத்தார்கள். சாயந்திரம் அம்மா போன் பண்ணி, ''மீட்டிங் நல்லா நடந்துச்சா?'' என்றது. ''ம்'' என்றேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

போன வருஷம் சென்னையில் ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தோம். அங்கே கண்ணாடிக் கடையில் 'நிஷ் பெர்ஃப்யூம்' என்று தனி ஷெல்ஃப். நிஷ் என்றால் என்ன? எல்லாக் கடையிலும் கிடைக்கிற, கோடிக் கணக்கில் விளம்பரம் பண்ணுகிற சென்ட் இல்லை. சின்னச் சின்ன கம்பெனிகள் கொஞ்சமாகத் தயாரித்து, 'பிடிச்சவன் வாங்கு' என்று கெத்தாக வைத்திருக்கிற அயிட்டம். ஸேல்ஸ் அண்ணன் ஒரு காகிதத் துண்டில் ஒண்ணை அடித்துக் கொடுத்தார். மூக்கில் வைத்தேன் பாருங்கள்... எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அது முதலில். பின்னாடியே சுள்ளென்று ஒரு காரம். அதற்கும் பின்னால் ஈர மண் மாதிரி ஒரு குளுமை. கத்தாத வாசனை! ''இது ஃப்ரெஷ் ஸ்பைசி ஃபேமிலி சார். டெய்லி வேருக்கு பெஸ்ட்'' என்றார். விலையைக் கேட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய். என் ஒரு செமஸ்டர் மெஸ் பில்!

காகிதத் துண்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு, உள்ளே என்னென்ன இருக்கு என்று அட்டையைப் படித்தேன். ஏலக்காய், மிளகு, இஞ்சி, எலுமிச்சை வகையறா, வெட்டிவேர். அடப்பாவிகளா... எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியும் பானைத் தண்ணியும்தானே இது! அதிலும் வெட்டிவேருக்கு உலகம் முழுக்க சென்ட்காரர்கள் சொல்லும் பேரே 'வெட்டிவேர்'தான். நம்ம தமிழ் வார்த்தை பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், பாட்டிலில் ஏறி பதினெட்டாயிரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அப்போது முடிவு பண்ணினேன். இந்த வாசனை கொஞ்ச விலைக்கு எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிடுவது!

வாய்ப்பு வந்தது டிசம்பரில். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங். பதினைந்து நாள் இன்பிளான்ட் ட்ரெயினிங் என்று கான்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு அனுப்பிவைத்தார்கள். கருவாட்டுக்குப் பயந்து ஓடினவனைத் தோல் ஊறும் தொட்டி பக்கத்தில் நிற்கவைத்த விதியை என்ன சொல்ல? ஆனால், அங்கே ஒன்றைக் கவனித்தேன். அங்கே வேலை பார்க்கும் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மதியம் அங்கேயே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். மூணாவது நாள் நானும்!

என்னோடு ட்ரெயினிங்கில் இருந்த உள்ளூர்ப் பையனிடம் பர்ஸ் காகிதக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவன், ''சென்ட் வாங்க மாலுக்கு ஏன்டா போன? ஞாயித்துக்கிழமை ரெடியா இரு. கன்னோஜ் போறோம்'' என்றான்.

கன்னோஜ் கான்பூரிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். ஜகர்கட்டி பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு ஏறினோம். வெளியே எதுவும் தெரியவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம்! டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி ஓட்டினார். எனக்குத் தெரிந்த குளிர் எல்லாம் மார்கழி மாசக் கோயில் குளிர்தான். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட், ஜாக்கெட் மேல் வழக்கம்போல பாடி ஸ்ப்ரே. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது ரெண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல். நடுநடுவே ஜன்னலே இல்லாத பிரமாண்ட கட்டடங்கள். ஜெயில் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்பதனக் கிடங்காம்!

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் தலைநகராக வைத்திருந்த ஊர் இது. சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் போனார் என்று எட்டாவதில் படித்து, ரெண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது பார்த்தால் சாதாரண வட இந்திய டவுன். சைக்கிள் ரிக்‌ஷா, இ-ரிக்‌ஷா, மாடு, ஹாரன். 1991-ல் மத்திய அரசு இங்கே நறுமணத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் திறந்தது. ஞாயிறு என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. 'ஊரே மணக்கும்னு சொன்னாங்களே, ஒண்ணையும் காணோமே' என்று நான் முகத்தைச் சுளிக்க, நண்பன் என்னை ஒரு சந்துக்குள் இழுத்தான். முனை திரும்பியதும் வந்தது. குப்பென்று இல்லை. எங்கேயோ பானையை விளக்கி வெட்டிவேர் போட்ட மாதிரி லேசாக. சந்தில் இன்னும் நாலு அடி வைத்தால் ஏலக்காய். அடுத்த வீட்டு வாசலில் என்னவென்றே தெரியாத ஒரு புகை வாசம்.

அந்தச் சந்தின் கடைசியில் ஒரு காரை பெயர்ந்த கேட். உள்ளே போனால், நான் மூணு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிற சப்ஜெக்ட் தரையில் உட்கார்ந்திருந்தது!

வரிசையாக மண் அடுப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய செப்பு அண்டா. அதற்குப் பேர் 'தேக்'. தேக்குக்குள் வெட்டிவேரையும் தண்ணியையும் போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் பிசைந்து அப்பி அடைத்திருந்தார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழாய், மேலே கயிறு சுற்றியது, சரிந்து இறங்குகிறது. அதன் மறுமுனை, தண்ணித் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கும் கழுத்து நீண்ட செப்புக் குடத்துக்குள். அதற்குப் பேர் 'பப்கா'. அவ்வளவுதான் மொத்த ஃபேக்டரியும்! எங்கள் லேபில் கண்ணாடிக் குடுவை, கண்டென்ஸர், தெர்மாமீட்டர், ஸ்டாண்டு என்று செட்டப் பண்ணவே அரை மணி நேரம் ஆகும். அதே ஸ்டீம் டிஸ்டிலேஷன்தான் இதுவும்.

எண்ணெய் தனியாக இருந்தால் கொதிக்க இருநூறு டிகிரிக்கு மேலே வேண்டும். தண்ணியோடு சேர்ந்து கொதித்தால் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே ஆவியாகிக் கிளம்பிவிடும். ரெண்டின் ஆவி அழுத்தமும் சேர்ந்து வெளிக் காற்றின் அழுத்தத்தைத் தொட்டால் போதும். எக்ஸாமில் இதை நான் டயகிராமோடு எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால், தொட்டித் தண்ணிக்குள் கையை விட்டு பப்காவைத் தடவிப் பார்த்துவிட்டு, ''ம்... விறகைக் கொஞ்சம் இழு'' என்று சொன்ன அந்தத் தொழிலாளிக்கு எத்தனை மார்க் போடுவது? அங்கே தெர்மாமீட்டர் கிடையாது. பிரஷர் கேஜ் கிடையாது. கைதான் மீட்டர். தொட்டித் தண்ணி சூடானால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஆவி குளிராமல் வாசனை வீணாகும். தீ அதிகமானால் அடைத்த மண் வெடித்து வாசனை வெளியே ஓடும். நாள் முழுக்க அந்தப் புகையில் குத்தவைத்து உட்கார்ந்து, கண் சிவந்து... பதினெட்டாயிரம் ரூபாய் பாட்டிலின் அட்டையில் இதெல்லாம் போடவில்லை.

அத்தர் என்றால் பப்காவுக்குள் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பூவின் ஆவி வந்து அதில் ஊறும். எதுவும் ஊற்றாமல் வெறும் எண்ணெயாக எடுத்தால் அதற்குப் பேர் 'ரூ'. உயிர் என்று அர்த்தமாம். வெட்டிவேர் 'ரூ' பச்சை நிறத்தில் இருந்தது. செப்புப் பாத்திரத்தின் வேலை அது என்றார்கள். எடுத்த அத்தரில் ஈரம் மிச்சம் இருந்தால் 'குப்பி' என்கிற தோல் பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். தண்ணி தோல் வழியாக மெள்ளக் கசிந்து போய்விடும், எண்ணெய் நிற்கும். 'மெம்பரேன் செபரேஷன்' என்று எங்களுக்கு அடுத்த செமஸ்டரில் ஒரு பேப்பரே இருக்கு பாஸ்!

அங்கிருந்து பெரிய பஜாருக்கு நடந்தோம். கடை என்றால் ஏஸி, ஸ்பாட் லைட் எல்லாம் இல்லை. வெள்ளை விரிப்பு, திண்டு, பின்னால் அலமாரி நிறையக் கண்ணாடிக் குடுவைகள். நடுவில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர். என் நண்பன், ''சாச்சா, இவன் மதராஸ்லேர்ந்து வந்திருக்கான்'' என்று ஆரம்பிக்க, அவர் என் பக்கம் திரும்பி மூக்கை லேசாக உறிஞ்சினார்.

''இதைப் பூசிட்டு வந்தா நான் உனக்கு என்னத்தைக் காட்டுறது? போ... ஜாக்கெட்டைக் கழற்றி வெளியே மாட்டு. கையை முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா.''

அடி பம்பில் ஐஸ் தண்ணி. விரல் விறைக்கக் கழுவிவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். இனி சாச்சா பேசுவதெல்லாம் நண்பன் வழியாக என் காதுக்கு வந்த மொழிபெயர்ப்பு. என் இந்தி 'கித்னா'வோடு முடிந்துவிடும்.

''எதுக்கு வேணும் பேட்டா? கல்யாணத்துக்கா, தினமும் போடவா?''

''தினமும்.''

''எதை மறைக்க?''

டக்கென்று இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நண்பனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். மூணு வருஷமாக ரூம்மேட்டிடம்கூடச் சொல்லாததை, மொழி தெரியாத ஊரில், குளிரில் பல் தந்தி அடிக்கச் சொன்னேன். அம்மா கடை, கருவாடு, பஸ் எல்லாம். பேரன்ட்ஸ் மீட்டிங்கை மட்டும் விட்டுவிட்டேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. ''அத்தர் எதையும் மறைக்காது. மீன் வாசத்து மேல ரோஜா அத்தர் போட்டா ரோஜாவும் கெட்டுது, மீனும் கெட்டுது. ரெண்டும் சேர்ந்து மூணாவதா ஒண்ணு வரும். மீனுக்கு எலுமிச்சம்பழம் இருக்கு. முதல்ல கழுவு, அப்புறம் பூசு'' என்றார், ரொம்ப சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. கருவாட்டின் அந்த வாசம் ட்ரைமெத்தில் அமீன். அமீன் என்பது காரம். அதன் மேல் எலுமிச்சையோ புளியோ ஏதாவது அமிலம் பட்டால் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மணக்காது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி! அம்மா தினமும் கடையை மூடியதும் புளிக் கரைசலில்தான் கை கழுவும். 'பழைய காலத்துப் பழக்கம்' என்று நினைத்திருந்தேன். மூணு வருஷமாக நான் டப்பா டப்பாவாக அடித்தது 'மூணாவதா ஒண்ணு'!

அப்புறம் ஆரம்பித்தது செலக்‌ஷன். ஒரு குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி, முக்கி, என் மணிக்கட்டில் ஒரு இழுப்பு. நான் பரபரவென்று ரெண்டு கையையும் தேய்க்கப் போக, ''தேய்க்காதே! அது பாட்டுக்கு இருக்கட்டும்'' என்று அதட்டல். ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் பார்க்கக் கூடாதாம். மூக்கு மரத்துப் போகும். மரத்துப்போனால் நம் முழங்கை மடிப்பையே மோந்து பார்க்க வேண்டும். அது நமக்குப் பழகின வாசம் என்பதால் மூக்கு பழைய நிலைக்கு வருமாம்.

ரோஜா போட்டார். பிரமாதம். ஆனால், எனக்குக் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற தட்டு ஞாபகம்தான் வந்தது. தாழம்பூ போட்டார். பிரியாணி! ரெண்டையும் நாலு கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சி, சரியான ரவுண்டை ஆரம்பித்தோம்.

ஒன்று, 'ஷமாமா'. ஏகப்பட்ட மூலிகை, மசாலா எல்லாம் சேர்த்து நாள்கணக்கில் காய்ச்சுவது. கிராம்பு, ஜாதிக்காய், என்னென்னவோ. அந்தக் குளிரில் கம்பளி போர்த்தின மாதிரி கதகதவென்று இருந்தது. 'இதுதான்' என்று கத்தப் போனேன். நண்பன்தான் கேட்டான், ''உங்க ஊர்ல மே மாசம் எத்தனை டிகிரி?'' நாகப்பட்டினத்தில் மத்தியான பஸ்ஸில், வேர்வையில் ஷமாமாவை யோசித்துப் பார்த்தேன். பாடி ஸ்ப்ரேயே தேவலாம். குளிரில் வாசனை அடங்கிக் கிடக்கும், சூட்டில் எகிறும். அதனால் எங்கே வாங்குகிறோம் என்பதைவிட எங்கே போடப்போகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரெண்டாவது, 'மிட்டி'. சுட்ட களிமண் துண்டுகளை தேக்கில் போட்டு, தண்ணி ஊற்றிக் காய்ச்சி எடுக்கும் அத்தர். முதல் மழை விழுந்த மண் வாசனையை பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறார்கள் மக்களே! கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் பேசாமல் இருந்தேன். ஆனால், தினமும் போட இது சரிவராது என்று தோன்றியது. தினமும் மழை பெய்தால் அப்புறம் அது என்ன மழை?

மூணாவது, வெறும் வெட்டிவேர் 'ரூ'. ஆழமான வேர் வாசம். முதல் பத்து நிமிஷம் சேற்று வயலில் இறங்கின மாதிரி கனமாக இருந்தது.

''இதுல காரம் வேணும் சாச்சா. எலுமிச்சை, ஏலக்காய் மாதிரி'' என்று பர்ஸிலிருந்த அந்தக் காகிதத் துண்டை நீட்டினேன். மாசக்கணக்கில் ஆனதில் அதில் மற்ற எல்லாம் போய், வெட்டிவேர் மட்டும் லேசாக மிச்சமிருந்தது. அவர் மோந்துவிட்டு, உள்ளே போய் நாலு சின்ன பாட்டில்களோடு வந்தார். ஏலக்காய் எண்ணெய், மிளகு எண்ணெய், இஞ்சி, எலுமிச்சைத் தோல். ''இந்த மசாலா எண்ணெயெல்லாம் உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது. கேரளா!'' என்றார். இடுக்கி மலையில் காய்த்து போடிநாயக்கனூரில் ஏலம் போகிற ஏலக்காயை மோந்து பார்க்க நான் கங்கைக் கரைக்கு வந்திருக்கிறேன்!

வெட்டிவேர் அத்தரில் ஏலக்காய் கொஞ்சம், மிளகு அதைவிடக் கொஞ்சம், எலுமிச்சை ரெண்டு சொட்டு என்று கலந்தார். இஞ்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டார், டீக்கடை மாதிரி ஆகிவிடுமாம். கலந்ததை இடது முழங்கையில் இட்டு, ''போ... ரெண்டு மணி நேரம் சுத்திட்டு வா. இப்பவே காசு கொடுத்தா வாங்க மாட்டேன்'' என்று துரத்தினார்.

எந்த மாலில் இப்படித் துரத்துவார்கள்?

பஜாரில் சுற்றினோம். 'கட்டா' என்று ஒரு சர்க்கரை மிட்டாய், உருளைக்கிழங்கு சாட், மண் குவளையில் டீ. டீ குடித்துவிட்டு காலிக் குவளையை மோந்தால், அட, மிட்டி அத்தர் இலவசம்! நடுநடுவே முழங்கையை மோந்துகொண்டே நடந்தேன். பார்த்தவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். முதல் இருபது நிமிஷம் எலுமிச்சை துள்ளியது. அப்புறம் காணாமல் போனது. ஒரு மணி நேரம் ஏலக்காயும் மிளகும் ராஜ்ஜியம். அதற்கப்புறம் அடியிலிருந்து மெதுவாக வெட்டிவேர் எழுந்து வந்தது, இப்போது சேறு இல்லாமல், சுத்தமாக. எலுமிச்சை, ஏலக்காய் வாசனைகளின் மூலக்கூறு பெரும்பாலும் சின்னது, சீக்கிரம் பறந்துவிடும். வெட்டிவேருடையது பெருசு, கனம், லேசில் கிளம்பாது. அதனால்தான் கடையில் நின்றபடி முதல் ஐந்து நிமிஷ வாசனையை நம்பி சென்ட் வாங்கினால் ஏமாந்துபோவோம். அந்த ஐந்து நிமிஷம் முடிந்து, மிச்ச ஆறு மணி நேரம் நம்மோடு இருக்கப்போவது வேறு ஆள்!

திரும்பிப் போனதும் ஒன்று கேட்டேன். கேட்கச் சங்கடம்தான், ஆனால் கேட்டுவிட வேண்டும் என்று நண்பன் கிள்ளினான். ''சாச்சா, அடியில இருக்கிறது சந்தனமா?''

''இந்த விலைக்கு சந்தனமா?'' என்று சிரித்தார். சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் நிறையப் பேர் லிக்விட் பாரஃபின் மாதிரி வாசமில்லாத எண்ணெயில்தான் இறக்குகிறார்கள். அவர் மறைக்காமல் ரெண்டையும் எடுத்து வைத்தார். சந்தன அடியில் இறக்கியது ஒரு விலை, மற்றது அதில் கால்வாசி. நான் வாங்கியது சந்தனத்தில் இறக்கியதுதான், ஆனால் மூணே மில்லி. எண்ணூறு ரூபாய். என் கையிலிருந்தது ஆயிரத்து இருநூறு. பஸ்ஸுக்கு மிச்சம் வைத்தாயிற்று.

கிளம்பும்போது கறாராக மூணு கண்டிஷன் போட்டார். ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. வெள்ளைச் சட்டையில் படக் கூடாது, கறை போகாது. இதில் எலுமிச்சைத் தோல் எண்ணெய் இருப்பதால் வெயில் நேராகப் படும் இடத்தில் பூசக் கூடாது, தோல் கருத்துவிடும். காலருக்கு உள்ளே, நெஞ்சில். ''பக்கத்துல வர்றவங்களுக்குத்தான் தெரியணும். தெருவுக்குத் தெரிய வேண்டாம்.''

ஜனவரியில் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். பேக்கில் ஸ்ப்ரே இல்லை. முதல் நாளே சட்டையெல்லாம் எலுமிச்சை பிழிந்த தண்ணியில் அலசியாயிற்று. அந்த ஒரு சொட்டோடு, திண்ணையைத் தாண்டி நேராக உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா நெத்தலி பிரித்துக்கொண்டிருந்தது. முந்தானை மூக்குக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. தும்மலும் வரவில்லை.

''என்னடா பானைத் தண்ணி வாசம் அடிக்குது?''

கதை முழுக்கச் சொன்னேன். கன்னோஜ், செப்பு அண்டா, தாடி சாச்சா, புளித் தண்ணி கெமிஸ்ட்ரி எல்லாம். எண்ணூறு ரூபாயை மட்டும் இருநூறு என்று சொன்னேன். பாட்டிலைத் திறந்து அம்மா கையில் ஒரு சொட்டு வைக்கப் போனால், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது.

''கடைக்குப் போறப்ப இதையெல்லாம் பூசக் கூடாதுடா. கருவாடு வாங்க வர்றவங்க மோந்து பாத்துதான் வாங்குவாங்க. நானும் மோந்து பாத்துதான் சரக்கு எடுக்கேன். எது காஞ்சது, எது ஈரம், எதுல உப்பு கம்மின்னு மூக்குலதானே பாக்கணும்? இதைப் பூசிக்கிட்டா நான் எப்புடி யாவாரம் பண்ணுறது?''

சொல்லிவிட்டு ஒரு நெத்தலியை எடுத்து மோந்து, இடது கூடையில் போட்டது. அடுத்தது வலது கூடையில். ரெண்டையும் எடுத்து நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னேன், ''பிப்ரவரில எங்க டிபார்ட்மென்ட் ஃபங்ஷன் இருக்கும்மா. வாயேன்.''

''கையெழுத்து போடணுமா?''

''இல்ல. சும்மாதான்.''

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையைக் குலுக்கி நெத்தலியைச் சமமாகப் பரப்பியது.

''எத்தன மணி பஸ்ல ஏறணும்?''

''ஆறே காலுக்கு ஒண்ணு இருக்கு.''

''உன் ரூம் பசங்க நெத்தலி தின்னுவாங்களா? ரெண்டு கிலோ கொண்டாரவா?''

''மூணா கொண்டாம்மா'' என்றேன்.